வாய்க்கு ஒரு தோட்டம்

"தேத்தண்ணியைக் குடுத்திட்டு உள்ளுக்கு வந்திடு. அவை கேட்டால் ஓம், இல்லை. வேறை ஒண்டும் கதைக்காதை."

பத்மாவதி மகளின் சேலை மடிப்பை இழுத்துவிட்டாள். ஞானாம்பிகை தலையாட்டினாள். பயமும் இல்லை, வெட்கமும் இல்லை. கைகள் வேறு யாருடையவையோ போல இருந்தன.

முன்விறாந்தையில் மாப்பிள்ளையின் தாய் நல்லம்மாவும் தரகர் இராசநாயகமும் இருந்தார்கள். மாப்பிள்ளை கனடாவில்.

அந்தத் தொண்ணூற்றோராம் ஆண்டில் உடுவில் ஊர்ப் பெண்களில் பலருக்கு ஞானாம்பிகையைத் தெரியும். இரண்டு வருடம் முன்பு லண்டனிலிருந்து அவள் அண்ணன் ஒரு கசெற் அனுப்பியிருந்தான். அதில் ஒரு கறுப்புப் பெண் மேளத்தின் மேல் மூச்சுவிடாமல் கதைத்தாள். அதற்கு ராப் என்று பேராம். போரில் மின்சாரம் நின்ற பிறகு சைக்கிளைக் கவிழ்த்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் அதைக் கேட்டாள். ஒரு சொல் விளங்கவில்லை; கோபம் விளங்கியது. பிறகு கூட்டுறவுச் சங்கக்கடையின் பங்கீட்டு மண்ணெண்ணெய் வரிசையில் நின்று தன் சொற்களைத் தமிழில் சொல்லத் தொடங்கினாள். வரிசையின் கடைசியில், தள்ளி நிற்கவைக்கப்பட்டிருந்த தங்கமுத்து வெறுந்தகரத்தில் அதற்குத் தாளம் தட்டினாள். அவள் பறையடிப்பவரின் மகள்.

ஞானாம்பிகை தேநீர்த் தட்டை நீட்டினாள். நல்லம்மா கோப்பையை எடுத்தாள்.

"சங்கக்கடையடியிலை ஒரு பெட்டை சீதனத்தை நக்கலடிச்சுக் கதைக்குதாம். சனம் நிண்டு கை தட்டுதாம். உங்கடை பிள்ளை எண்டும் ஒரு கதை."

"சிவ சிவா," என்றாள் பத்மாவதி. "அது உந்தப் பறையடிக்கிறவையின்ரை பெட்டை, தங்கமுத்து. எங்கடை பிள்ளை வாய் திறவாள்."

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான். சங்கக்கடை மனேச்சர் என்ரை தம்பி. நாளையிலை இருந்து உவைக்கு எண்ணெய் குடாதை எண்டு சொல்லிவிடுறன்."

அதில் பெரியவர்கள் யாருக்கும் சங்கடம் இருக்கவில்லை. தரகர் ஒரு பயத்தம் பணியாரத்தை எடுத்துக் கடித்தார்.

"அது நான்," என்றாள் ஞானாம்பிகை. "தங்கமுத்து தகரம் மட்டுந்தான் தட்டுறவள். சொல்லுறது நான்."

குரலை உயர்த்தாமல், தட்டைப் பிடித்தபடியே சொன்னாள்:

"மண்ணெண்ணெய்க்கும் வரிசை, மாவுக்கும் வரிசை,
மாப்பிளை மட்டும் வீடு தேடி வாறார்.
வீட்டையும் கேட்டு, வளவையும் கேட்டு,
விலையைச் சொல்லி விறைச்சு நிக்கிறார்.
காசைக் குடுத்து வாங்கிற நானேன்
கண்ணைத் தாழ்த்திக் குனிஞ்சு நிக்கிறன்?"

பத்மாவதி முந்தானையால் தன் வாயைப் பொத்தினாள்.

"பிள்ளைக்கு நல்ல ஞாபகசக்தி," என்றார் தரகர்.

நல்லம்மா தேநீரை முழுதும் குடித்துவிட்டுக் கோப்பையை வைத்தாள். "குறையில்லாத பெட்டை ஆரிட்டை இருக்கு? றோட்டுக்கரைப் புகையிலைத் தோட்டத்தையும் சீதனத்திலை சேர்த்து எழுதிவிடுங்கோ. உவளின்ரை வாயைப் பற்றி நான் பிறகு ஒரு கதை கதைக்கமாட்டன்."

"ஓம், ஓம். எழுதலாம்," என்றாள் பத்மாவதி. அவள் முகத்தில் உயிர் வந்தது.

"எனக்கு இந்தக் கலியாணம் வேண்டாம்," என்றாள் ஞானாம்பிகை.

தரகர் பஞ்சாங்கத்தை விரித்து நாள் பார்க்கத் தொடங்கினார்.

மறுநாள் காலை ஞானாம்பிகை தன் இடத்தை விட்டு வரிசையின் கடைசிக்குப் போய்த் தங்கமுத்துவின் பக்கத்தில் நின்றாள். பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். மனேச்சர் உள்ளே எண்ணெய் அளந்துகொண்டிருந்தார். அவருக்குக் கேட்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"தட்டு," என்றாள்.

தங்கமுத்து தட்டினாள்.

"தோட்டம் தந்தால் வாயைப் பொறுப்பாவாம்
கனடா மாப்பிளையின்ரை தாய் நல்லம்மா மாமி.
தோட்டமும் எனக்கு, வாயும் எனக்கு."

அன்று யாரும் கை தட்டவில்லை. மனேச்சர் அளப்பதை நிறுத்திவிட்டு வெளியே எட்டிப் பார்த்தார். அப்போது இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒருத்தி மெல்லக் கேட்டாள்:

"திருப்பிச் சொல்லு பிள்ளை. மனப்பாடமாக்கோணும்."