மேற்கே நடந்த வீடு

2001-ஆம் ஆண்டு ஆடி மாதம், திருவொற்றியூர் மூன்றுபனைக் குப்பத்தில் தொழிற்பயிற்சி மாணவர்கள் கட்டிக் கொடுத்த பச்சையம்மாவின் வீடு, கட்டி முடித்த ஒன்பதாம் நாளிலிருந்து தினமும் நாலு விரற்கடை மேற்கே நடந்தது. மேற்குச் சுவர் மட்டும் நடக்கவில்லை. அது நின்ற இடத்திலேயே நிற்க, மற்ற மூன்று சுவர்களும் கூரையும் அதை நோக்கி வந்துகொண்டிருந்ததால், பதினாலடி நீளமிருந்த அறை ஆவணி பிறப்பதற்குள் பதினோரடியாகச் சுருங்கியது. நடப்பதை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. கடிகாரத்தின் சின்ன முள் நகர்வதை மட்டும் யார் பார்த்திருக்கிறார்கள்? வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்ன பெரியவர்கள், கட்டிய வீடு கிளம்பிவிட்டால் என்ன செய்வது என்று சொல்லிவைக்கவில்லை.

கட்டிக் கொடுத்தவர்கள் பன்னிரண்டு பேர். அவர்களுக்குக் கொத்து வேலை கற்றுக்கொடுத்த செங்கொடி வியாசர்பாடிக்காரி. பழைய சாமானை வீணாக்காமல் புது வீடு கட்டுவதே அவள் பாடம். அதற்கு அந்தக் கரையில் பஞ்சமே இல்லை. கடல் அரித்துக்கொண்டே வந்த வருடங்கள் அவை. அலை வாசலுக்கு வந்ததும் ஜனங்கள் தங்கள் வீட்டைத் தாங்களே இடித்து, செங்கல்லைச் சுமந்து நாலு தெரு தள்ளிப் போய்க் கட்டுவார்கள். கடல் அங்கேயும் வரும். அப்படி மூன்று முறை பின்வாங்கிய வீடுகளின் செங்கல்லைத்தான் மாணவர்கள் கொண்டுவந்தார்கள். இரண்டு செங்கல்லை ஒன்றோடொன்று தட்டி, கணீரென்று கேட்டதை ஒரு பக்கமும் தொப்பென்று கேட்டதை மறுபக்கமும் அடுக்கவைத்தாள் செங்கொடி. பழைய காரையைச் சுரண்டவைத்தாள், தண்ணீரில் ஊறவைத்தாள். எங்கிருந்து வந்த செங்கல் என்று மட்டும் கேட்கவில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பது செங்கல்லுக்கும் பொருந்தும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் போடவில்லை, பாவம் அவள் என்ன செய்வாள்.

சாந்து விஷயத்தில் அவள் ஒரே பிடிவாதம். சிமெண்டில் கட்டினால் பிரிக்கும்போது செங்கல் உடையும். சுண்ணாம்பில் கட்டினால் முழுசாகக் கழன்று வரும், இன்னொரு வீட்டுக்கு ஆகும். ஆகவே நாலு சுவரும் சுண்ணாம்புக் காரைதான் என்றாள். மீன் விற்கும் பச்சையம்மா அதற்குத் தலையாட்டினாலும், பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி கேட்ட கேள்வி அவள் மானத்தை வாங்கியது. "வெத்தலைக்குத் தடவுற சுண்ணாம்புலயா உனக்கு வூடு கட்றாங்க?" என்று தெருவே கேட்கும்படி கேட்டுவிட்டாள். சிமெண்டுதான் கௌரவம் என்று ஊரே நம்பிய காலம் அது. பச்சையம்மா, மேற்குச் சுவரை எழுப்பிக்கொண்டிருந்த வல்லரசு என்ற மாணவனைத் தனியாகக் கூப்பிட்டு, மூன்று நாள் வறுத்த சங்கரா மீன் போட்டாள். நாலாம் நாள் அவன் செங்கொடிக்குத் தெரியாமல் முழுச் சுவரையும் சிமெண்டில் வைத்து, மேலே சுண்ணாம்பு பூசி மறைத்தான். சுண்ணாம்பு செங்கல்லைப் பிடித்துக்கொள்ளும், சிமெண்டு பூட்டிப்போடும். மேற்குச் சுவரின் செங்கற்களுக்கும் கடலைக் கண்டால் ஓடத்தான் ஆசை, ஆனால் அசைய முடியவில்லை.

பயிற்சி நிலையம் அனுப்பிய இன்ஜினியர் வந்து டேப் பிடித்து அளந்தார். வீடு நடப்பதற்கு எதிராக விதி எதுவும் இல்லை என்றார். ஆனால் அறை எட்டடிக்குக் குறைந்தால் குடியிருக்கத் தகுதியில்லை, இடித்துவிட வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். செங்கொடி தினமும் வந்து அளந்தாள். செங்கல்லைத் தட்டிப் பார்த்தாள், தூக்குக்குண்டு தொங்கவிட்டாள், ஒன்றும் விளங்கவில்லை. பத்தடி ஆனபோது பச்சையம்மா கட்டிலை நிமிர்த்திச் சாய்த்துவைத்தாள். ஏற்கெனவே மூன்று வீடுகளைக் கடலுக்குக் கொடுத்தவள் அவள். உண்மையைச் சொன்னால் இந்த வீட்டையும் பிடுங்கிக்கொள்வார்களோ என்று பயந்து வாயைத் திறக்கவில்லை. வல்லரசு அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டான்.

ஒன்பதடியில், அதாவது மிச்சம் நாலே நாள் இருக்கையில், டேப்பைச் சுருட்டிக்கொண்டிருந்த செங்கொடியின் கையைப் பச்சையம்மா பிடித்துக்கொண்டாள்.

"நாந்தாம்மா சிமிட்டி வெக்கச் சொன்னேன். ஊரு சிரிக்குதேன்னு சொன்னேன். அந்தப் புள்ளைய வையாத. வூட்ட மட்டும் புடுங்கிக்காத. இது நாலாவது வூடு, இன்னொரு வாட்டி செங்கல் தூக்க தெம்பு இல்ல."

செங்கொடி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"இதான் மேட்டரா? நான் கத்துக்குடுத்ததே தப்போன்னு ஒரு மாசமா சோறு எறங்கல யக்கா. அழுவாத, ரெண்டு நாள் வேல."

பச்சையம்மாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. மறுநாளே பன்னிரண்டு பேரும் வந்தார்கள். சிமெண்டுச் சுவரை இடித்ததில் ஆயிரம் செங்கல்லில் இருநூறுதான் உருப்படியாகத் தேறியது. பாடம் அதற்கு மேல் யாருக்கும் தேவைப்படவில்லை. மிச்சத்துக்கு வல்லரசு இடிந்த வீடுகளைத் தேடி அலைந்தான். இந்த முறை ஒவ்வொரு வீட்டாரிடமும், "இது கடலுக்கு பயந்து எத்தினி வாட்டி ஓடுன செங்கல்?" என்று கேட்டுத்தான் வாங்கினான். மூன்று முறைக்குக் குறைந்ததைத் தொடவில்லை. சுண்ணாம்பில் கட்டிய புதுச் சுவர் மூன்றாம் நாள் தயங்கித் தயங்கிக் கிளம்பியது. பிறகு வேகம் பிடித்து ஒரே வாரத்தில் மற்ற மூன்றையும் முந்திக்கொண்டு தன் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. இன்ஜினியர் வந்து பதினாலடி என்று அளந்தார். படிவத்தில் 'வீடு இருக்குமிடம்' என்ற கட்டத்தில், 'தற்போதைக்கு இங்கே' என்று எழுதினார்.

அதற்குப் பிறகு வீடு சமர்த்தாக, முழுசாக நடந்தது. வழியில் மீனவர் இன்னாசி வலை காயப்போடும் மணல் குறுக்கிட்டது. அவர் வலையைச் சுருட்டி, வீடு காலி செய்த இடத்தில் விரித்துக்கொண்டார். தபால்காரர் இரண்டு முறை தேடினார், மூன்றாம் முறை பழகிக்கொண்டார். ஐப்பசிக்குள் அந்தத் தெருவில் ஏழு பேர் செங்கொடியிடம் வந்து, தங்களுக்கும் சுண்ணாம்பு வீடுதான் வேண்டும் என்றார்கள். முதலில் வந்தவள் புஷ்பவல்லி.

கார்த்திகையில் ஒரு காலை கடல் பொங்கி வந்தது. வீடு முதலில் நின்ற இடத்தையும், அஸ்திவாரக் குழியையும், அதற்கப்பால் பத்தடி மணலையும் வாரிக்கொண்டு போனது. தெருவில் ஆட்கள் பெட்டி படுக்கையோடு ஓடினார்கள். பச்சையம்மா வாசலுக்கு வந்து பார்த்தாள். வீடு அன்று நாலு விரற்கடைக்குப் பதில் ஒரு முழம் நகர்ந்தது. அடுப்பில் குழம்பு கொஞ்சம் தளும்பியது. அவள் ஒரு பாத்திரத்தைக்கூட மூட்டை கட்டவில்லை. உள்ளே போய்க் கரண்டியால் குழம்பைக் கிளறிவிட்டாள்.