தண்ணீர் ஊற்றிய பிறகு

“கபுறுக் குழிய மூடித் தண்ணி ஊத்தின உடனே வேனுக்கு ஓடிராதீங்க நானா. கொஞ்ச நேரம் குந்திப் பாருங்க.”

“கபுறடியில குந்தி வண்டு பாக்கச் சொல்றியா? ஆக்கள் என்ன நினைப்பாங்க?”

“வாப்பா எண்டா பாப்பாரு. பொம்பள எனக்குத்தான் மையவாடிக்கு வர ஏலாதே.”

அஸாம் தங்கையை விட்டு வெளியே நடந்தான். வாசலில் வாப்பாவின் உடல் வைத்த ஜனாஸாப் பெட்டியைத் தூக்கிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கை ஆதிலாவும் வாப்பா மஷூரும் வெள்ளவத்தைக் கால்வாய்க் கரையில் குந்தியிருப்பார்கள். வாப்பா யோகட் கோப்பையால் ஈரச் சேற்றிலுள்ள சிறு வளைகளில் தண்ணீர் ஊற்றுவார். வளை நிறைந்ததும் வண்டு வெளியே ஓடிவரும். எள்ளளவு உடம்பு, அதில் தேய்த்துவைத்த செம்பின் மினுக்கம். தன்னைவிடப் பெரிய புழுவைக் கவ்வி இழுத்துப் போகும்.

“சிங்கம் மகள், சிங்கம்!” என்று வாப்பா போடும் சத்தத்தில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அஸாம் ஒருநாளும் கூடப் போனதில்லை.

அடக்கம் செய்யும் மையவாடியின் மதிலுக்குப் பின்னால் ஓர் ஓடை. மழையில் மண் ஊறிக் கிடந்தது. கபுறை மூடியதும், வாப்பாவின் தம்பி சாச்சா குடத்தைச் சரித்துத் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை தண்ணீர் ஊற்றினார். துஆப் பிரார்த்தனை முடிந்ததும் ஆட்கள் கலைந்தார்கள்.

அஸாம் குந்தினான்.

“மகன், வேன் நிக்கிது.”

“நீங்க போங்க சாச்சா, நான் பஸ்ஸில வாரேன்.”

“என்னத்தடா தேடுற? சாவியா?”

“இல்ல சாச்சா. தங்கச்சி ஒரு வேல சொல்லியிருக்கா.”

சாச்சா போகவில்லை. தண்ணீர் மண்ணுக்குள் இறங்கியது. ஒன்றும் அசையவில்லை. இன்னும் ஒன்றுமில்லை. எழும்பக் கையை ஊன்றியபோதுதான் கால்மாட்டில் ஒரு மண்துணுக்கு புரண்டது. அடியிலிருந்து மினுக்கமாய் ஒன்று ஓடிவந்து நின்றது. சட்டென்று பாய்ந்து ஒரு வெள்ளைப் புழுவைக் கவ்வியது. பின்பக்கமாகவே இழுத்துக்கொண்டு மேட்டில் ஏறியது. சறுக்கியது. விடாமல் திரும்ப ஏறியது.

“அல்லாஹ்! இத்தூண்டு சாமான் செய்ற வேலயப் பாரேன்!” சாச்சாவும் குனிந்துவிட்டார்.

அஸாம் உடுத்திருந்த வெள்ளைச் சாரம் முழங்காலில் சேறாகியிருந்தது. அவன் ஃபோனை எடுத்து வீடியோ கோல் போட்டு, மண்ணை ஒட்டிப் பிடித்தான்.

“ஆதிலா, வந்திட்டான்! தெரியிதா? தன்னவிடப் பெரிசு, விடுறானே இல்ல!”

 தங்கையின் முகம் திரைக்கு மிகக் கிட்ட வந்திருந்தது.

“சொல்லு ஆதிலா, வாப்பா இருந்தா இப்ப என்ன சொல்லிக் கத்துவாரு?”