வழக்குச் சொத்து

மணி மூன்றே முக்கால். நான்கு மணிக்கு மாஜிஸ்திரேட் வருகிறார். காவல் நிலையத்தின் பின்னறையில் தையல்காரி ஏட்டின் சீருடை பேன்ட்டுக்குக் கடைசித் தையல் போட்டாள். தொங்கிய நூல்களை ஒரே வெட்டாக நறுக்கி அவரிடம் நீட்டினாள்.

“இடுப்பைப் பிரிச்சு விட்டிருக்கேன்ணே. இனிமே பிரிக்கத் துணி இல்ல. வயித்தைத்தான் குறைக்கணும்.”

“வயிறு அரசாங்கச் சொத்து தங்கச்சி. அதுல கை வைக்காதே.”

ஏட்டு உடை மாற்றப் போனார்.

அவள் தைத்த தையல் மெஷின் அவளுடையதுதான். களவு போய், பிடிபட்டு, வழக்குச் சொத்தாகி இங்கே வந்தது. திருடியவன் ஜாமீனில் போய்விட்டான். மெஷினுக்கு ஜாமீன் கிடைக்கவில்லை. மாஜிஸ்திரேட் நாற்காலி காலியாக இருந்தது. கையெழுத்துப் போட ஆள் இல்லை. வாசலில் வந்து வந்து நின்றவளுக்கு ஏட்டுதான் வழி சொன்னார்.

“மெஷின் வெளிய போகக்கூடாது. நீ உள்ள வரக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே.”

அன்று முதல், இன்ஸ்பெக்டர் ரோந்து கிளம்பிய பிறகு, லாக்கப்புக்கு அடுத்த அறையில் மெஷின் ஓடியது. காவலர்களின் சட்டைகள் ஒவ்வொன்றாக இளைத்தன, பெருத்தன. ஆனால் அரை நாள் வேலை அரை வயிற்றுக்குத்தான் காணும். அளவு கொடுக்க ஸ்டேஷனுக்கு வருவதா என்று வாடிக்கைக்காரர்கள் நழுவினார்கள். இன்று புது மாஜிஸ்திரேட் பொருளைப் பார்த்து, அதில் கட்டியிருக்கும் வழக்குச் சீட்டைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால் மெஷின் வீட்டுக்கு வந்துவிடும்.

அவள் தரையைப் பெருக்கினாள். ஏட்டு மிடுக்காகத் திரும்பி வந்தார். மெஷினைப் பார்த்ததும் மிடுக்கு போய்விட்டது.

“சீட்டு எங்க?”

மெஷினின் கழுத்தில் கயிற்றில் தொங்கிய துணிச்சீட்டைக் காணவில்லை. வழக்கு எண் அதில்தான் இருந்தது. அது இல்லாவிட்டால் இது ஏதோ ஒரு மெஷின்.

“இப்பக்கூட இருந்துச்சேண்ணே. தைக்கிற துணி மேல விழுது விழுதுன்னு ஒதுக்கிட்டே இருந்தேன்.”

“எங்கம்மா ஒதுக்கின?”

வாசலில் கார் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

மாஜிஸ்திரேட் ஒல்லியான பெண்மணி. கோப்பைத் தானே சுமந்துகொண்டு வந்தார். மெஷினின் சக்கரத்தை ஒரு விரலால் தள்ளினார். அது சத்தமில்லாமல் சுழன்றது. விரலை முகர்ந்து பார்த்தார்.

“சும்மா கிடந்த மெஷினா இது?”

“அப்பப்ப எண்ணெய் போட்டு வச்சோம்மா. பொதுமக்கள் பொருளாச்சே,” என்றார் ஏட்டு.

“நல்லது. சீட்டு?”

“இங்கதாம்மா எங்கயோ…”

ஏட்டு குனிந்து மேசைக்கு அடியில் தலையை விட்டார். தையல்காரி வாயைப் பொத்திக்கொண்டாள். பேன்ட்டின் பின்பக்கத் தையலிலிருந்து வெள்ளைச் சீட்டு வால் போலத் தொங்கியது. நறுக்கிய கயிறு அதன் முனையில் ஆடியது.

போச்சு, என்று நினைத்தாள். மெஷினும் போச்சு, அண்ணன் வேலையும் போச்சு.

மாஜிஸ்திரேட் கண்ணாடியை மாட்டினார்.

“அப்படியே இருங்க ஏட்டு.”

ஏட்டு அப்படியே இருந்தார். மாஜிஸ்திரேட் சீட்டைப் பார்த்தார், கோப்பைப் பார்த்தார், மறுபடி சீட்டைப் பார்த்தார்.

“எண் சரியா இருக்கு.”

மெஷின் பலகை மேலேயே கோப்பை விரித்துக் கையெழுத்துப் போட்டார். தையல்காரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பொழுது சாயும் முன்னே மெஷின் அவள் வீட்டு ஜன்னலோரத்துக்குப் போய்விடும்.

மேசைக்கு அடியிலிருந்து ஏட்டு கேட்டார்: “எழுந்துக்கலாமாம்மா?”

மாஜிஸ்திரேட் பேனாவை மூடினார். முகத்தில் சிரிப்பு இல்லை. தையல்காரியின் பக்கம் திரும்பினார்.

“சீட்டு எதுல இருக்கோ அதைத்தான் உரியவங்ககிட்ட ஒப்படைக்கணும். இவரை ஏத்திட்டுப் போக வண்டி ஏதும் கொண்டு வந்திருக்கீங்களாம்மா?”