வெள்ளிக்கிழமை கைமாறும் புத்தகம்

பிளேடு புத்தகத்தின் முதுகோரமாக இறங்குகிறது, சத்தமே இல்லை, வழவழத் தாள் கையோடு வந்துவிடுகிறது, பட்டப்பகல், சொந்த வீடு, இருந்தும் ஜெயசிங் திருட்டுமுழி முழித்துக்கொண்டு சன்னலைச் சாத்துகிறார், இருபத்தெட்டு வருஷமாகிறது, இப்போது தென்காசி பஸ்ஸில் அந்தத் தாளைப் பையிலிட்டு மடியில் வைத்துக்கொண்டு போகிறபோதும் அந்தப் பிளேடு இறங்கிக்கொண்டேதான் இருக்கிறது, அப்போது சிவகாசியில் லேபிள் வரைகிறவர்கள் அவரும் மைதீன் பிச்சையும், சென்னைப் பிளாட்பாரத்தில் இருவரும் சேர்ந்து வாங்கிய வெளிநாட்டு டிசைன் புத்தகம் அது, என்ன பாஷையென்றே தெரியாது, படங்களையும் எழுத்துகளின் வளைவுகளையும்தான் படித்தார்கள், ஒரு வெள்ளிக்கிழமை முதல் மறு வெள்ளிக்கிழமைவரை ஒருவரிடம், பிறகு மற்றவரிடம், கைமாறும்போது டீக்கடை பெஞ்சில் தோளோடு தோள் உரச, இதப் பாருடா, இந்த எடத்தச் சும்மா விட்டிருக்கான் பாரு, எவ்வளவு தைரியம்.

அந்தத் தைரியத்தைத்தான் ஜெயசிங் வெட்டி எடுத்தார், சாமியும் பூவும் நெருக்கியடிக்கும் லேபிள்களுக்கு நடுவே வெள்ளைவெளேரென்று அவர் வரைந்த ஒரு தேயிலைப் பாக்கெட், அதில் ஒற்றைச் சிவப்பு வட்டம், எல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து, ஊரே மெச்சியது, எங்கிருந்து எடுத்தான் என்று மைதீனுக்கு மட்டும் தெரியக்கூடாது, மைதீன் தன் வாரம் முடிந்ததும் புத்தகத்தைக் கொண்டுவந்து, இனிமே உன்கிட்டயே இருக்கட்டும் என்றார், ஜெயசிங் ஏனென்று கேட்காமல் வாங்கி வைத்துக்கொண்டார், அதற்கப்புறமும் டீ குடித்தார்கள், வெயிலைப் பேசினார்கள், மகள்களின் கல்யாணத்தைப் பேசினார்கள், ஓர் எழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, பிறகு மைதீன் மகள் வீட்டோடு தென்காசி போய்விட்டார், ஒளித்த பக்கத்தை எடுத்துப் பார்க்கவும் ஜெயசிங்குக்குக் கூசியது, மிச்சப் பக்கங்களைத் தனியாகப் புரட்டுவார், நல்லதொன்றைக் கண்டால் கை தன்னையறியாமல் பக்கத்து நாற்காலிப் பக்கம் நகரும், அங்கே யாரும் இல்லை, அந்தத் தனிமை அவரைத் தின்றது.

வாசலிலேயே மைதீனின் மகள் சொல்லிவிட்டாள், அத்தாவுக்கு இப்பக் கண்ணு சுத்தமாத் தெரியல மாமா, சுகரு. ஜெயசிங்குக்கு ஒரு கணம் நிம்மதி வந்தது, வெட்கங்கெட்ட நிம்மதி, பேசாமல் நலம் விசாரித்துவிட்டுத் திரும்பிவிடலாம், பை அப்படியே இருக்கட்டும், ஆனால் கட்டிலில் இருந்த மைதீன் இவர் காலடி வந்த திசைக்கு முகத்தைத் திருப்பி, சிங்கா, வாடா என்றதும் தாங்கவில்லை, தாளை எடுத்து அவர் கையில் வைத்து, அந்தப் பக்கம், நான்தான் வெட்டினேன் என்றார். மைதீன் வெட்டிய ஓரத்தை விரலால் மெதுவாகத் தடவினார். என்ன இருக்கு, சொல்லு. ஜெயசிங் தாளைப் பார்க்கவில்லை, நண்பன் முகத்தையே பார்த்தபடி, முழுக்க வெள்ளை, நடுவுல ஒரு செவப்பு வட்டம் என்றார்.

நடுவுலயா? பாத்துச் சொல்லுடா, ஒரு விரக்கடை எடப்பக்கம் தள்ளியிருக்கும்.

ஜெயசிங் குனிந்து பார்த்தார். தள்ளித்தான் இருந்தது.

உன் லேபிள்ல நடுவுல வச்சிட்ட, என்றார் மைதீன், அன்னைக்கே சொல்லணும்னு இருந்தேன்.