பன்னிரண்டிலிருந்து மூன்றே கால் வரை

1

முதலிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு ஜெராக்ஸ் தாளிலிருந்து வந்தது. நான் பாண்டிச்சேரி பக்கம் குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் ரிசப்ஷனில் உட்காருகிறேன். தங்க வருகிறவர்களுக்கு அங்கே ஒரு தாள் கொடுப்போம். கைடு இல்லாமல் ஒரே நாளில் பாண்டிச்சேரியை நீங்களே நடந்து பார்க்கலாம் என்று அதில் பதினாறு இடம் வரிசையாகப் போட்டிருக்கும். அதைத் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, போன வியாழக்கிழமை இரண்டு அம்மாக்களிடம் கொடுத்து அனுப்பினேன்.

ஒருத்தி என் அம்மா சின்னபொண்ணு. கண்டாச்சிபுரம் பக்கம் சொந்த நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுகிறாள். இன்னொருவர் சவுரியம்மாள், ரிட்டையர்டு நர்ஸ், திண்டிவனம். அவர் மகன் அந்தோணி பிரபுவைத்தான் நான் கட்டிக்கொள்ளப் போகிறேன். அதனால் அவர் எனக்கு அத்தை.

நாளை ஞாயிற்றுக்கிழமை. திண்டிவனத்தில் அவர்கள் மாதா கோவிலில் எங்கள் கல்யாண ஓலையை முதல் தடவையாக வாசிக்கிறார்கள்.* அருணா என்று என் பேரை அங்கே வாசிக்கும்போது என் அம்மா அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். கல்யாணத்துக்கு அம்மா தடை சொல்லவில்லை. கோவிலுக்கு வருவாயா என்றால் மட்டும் "பாக்கலாம்" என்றாள். அம்மா பாக்கலாம் என்று சொன்ன எதுவும் இதுவரை நடந்ததில்லை. அத்தையோடு ஒரு நாள் பழகினால் மனம் மாறும் என்றுதான் அந்த ஊர் சுற்றல்.

(* இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள் என்று மூன்று ஞாயிறு பூசையில் சாமியார் வாசிப்பார். அதற்குப் பெயர் ஓலை. இப்போது ஏ4 பேப்பர்தான்.)

2

எழுதி அடித்த தொடக்கங்கள்:

"கடலின் மேல் சூரியன் மெல்ல மெல்ல" (பொய். அவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி பத்து. மண்டையைப் பிளக்கிற வெயில்.)

"பல மதங்களும் பல மொழிகளும் கைகோர்த்து நிற்கும் இந்நகரம்" (இது தாளிலேயே இருக்கிறது. அங்கேயே இருக்கட்டும்.)

"என் அம்மா எதற்கும் பயந்தவள் அல்ல." (இதை அடிக்க மனம் வரவில்லை. ஆனால் ஐந்தாவது பகுதிக்கு வந்தபோது இது தப்பு என்று தெரிந்தது. படிக்கிறவர்களுக்கும் தெரியட்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.)

3

பன்னிரண்டு மணி வரைக்கும் எனக்கு நன்றாகத் தெரியும். அத்தை ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு போட்டோ எடுத்து பிரபுவுக்கு அனுப்பிவிட்டார். மீதியை அம்மா போனில் சொன்னாள்.

அத்தை கையில் தாளும் பேனாவும் வைத்திருந்தார். வார்டில் ரவுண்ட்ஸ் போகிறவர் மாதிரி ஒவ்வொன்றாக டிக் அடித்தார்.

"ஒண்ணு, கால்வாய். பாத்தாச்சி. வாங்க போலாம்."

"இன்னாங்க இது, எங்க ஊரு வாய்க்கா எவ்ளோ மேலு."

"அந்தக் காலத்துல இந்தப் பக்கம் வெள்ளக்காரங்க இருந்தாங்க. அந்தப் பக்கம் நம்ம ஜனங்க."

"நடுவுல சாக்கடையா? நல்லாத்தான் பிரிச்சிக்கினு இருந்திருக்காங்க."

அடுத்து ஒரு பழைய வெள்ளைக்கார வீடு. மஞ்சள் சுவர், இரண்டு ஆள் உயரக் கதவு, காம்பவுண்டுக்கு மேலே காகிதப் பூ. அத்தை அம்மாவை நிற்க வைத்து போட்டோ எடுத்திருக்கிறார். அம்மா சிரிக்கவில்லை. ரேஷன் கார்டு போட்டோ மாதிரி விறைப்பாக நிற்கிறாள். அந்த வீட்டைப் பற்றி அவள் கேட்டது ஒன்றுதான். "இத்தாம் பெரிய ஊட்ட யாருங்க பெருக்குறது?"

ஏழாவது இடம் பள்ளிவாசல் தெரு. அங்கே ஒரு வீட்டு வாசலில் அம்மா தண்ணி கேட்டாள். கொடுத்த பாயம்மாவோடு ஐந்தே நிமிடத்தில் ஒட்டிக்கொண்டாள். அந்தம்மாவின் தம்பி பாரீஸில் இருக்கிறார், மாடி ஏற முடியாமல் மூட்டு வலி என்பதுவரை தெரிந்துகொண்டு வந்தாள். அத்தை வாட்சைப் பார்த்துக்கொண்டே தெருமுனையில் நின்றார்.

"அருணா அம்மா, இப்பிடி ஊடு ஊடா நின்னா பதினாறு எடம் பாக்க முடியாது. ஜல்தி வாங்க."

"ஊடு ஊடா நிக்காத ஊரச் சுத்தி இன்னாத்துக்குங்க?"

4

இங்கே கொஞ்சம் நிற்கிறேன். அத்தையை நான் ரொம்பக் கறாராக எழுதுகிறேனோ? மாமியார் ஆகப்போகிறவர் என்பதால் கை தானாக அந்தப் பக்கம் போகிறதோ? முதல் தடவை அவர்கள் வீட்டுக்குப் போனபோது அவர் என் சாதியைக் கேட்கவில்லை. வேலையைக் கூடக் கேட்கவில்லை. "உங்க வீட்ல யாருக்கானா சுகர் இருக்குதா?" என்று கேட்டார். நான் பயந்துபோய் இல்லை என்றேன். "அப்ப ஸ்வீட் எடுத்துக்கோ" என்று தட்டை நகர்த்தினார். அவர் அன்பு அப்படித்தான் வரும், கேஸ் ஷீட் எழுதிய பிறகு. இதை மூன்றாம் பகுதிக்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். என் தப்பு.

5

பன்னிரண்டு மணி. பத்தாவது இடம் ஒரு மாதா கோவில். எந்தக் கோவில் என்று சொல்ல மாட்டேன், அந்த ஊரில் நிறைய இருக்கின்றன. உள்ளே பூசை நடந்துகொண்டிருந்தது. அத்தை பூசையைக் கண்டால் விடமாட்டார். இருவரும் பின்னால் உட்கார்ந்தார்கள். அம்மா தலையில் முக்காடு போட்டுக்கொண்டாள்.

நன்மை, அதாவது சாமியார் கையில் கொடுக்கும் அப்பம், வாங்க வரிசை நகர்ந்தது. அத்தை எழுந்தார். அம்மாவும் எழுந்தாள். கோவிலில் எல்லாரும் பிரசாதம் வாங்கும்போது உட்கார்ந்திருக்க அவளுக்குத் தெரியாது. அத்தை கையை நீட்டியது போலவே நீட்டினாள். வாங்கினாள், கண்ணில் ஒற்றிக்கொண்டாள், முந்தானை நுனியில் வைத்து முடிச்சுப் போட்டாள். எனக்குக் கொண்டுவந்து கொடுப்பதற்காக.

எங்கள் ஊரில் இதைவிட மரியாதையான காரியம் கிடையாது. அத்தையோ பதறிப்போனார். அவர்களுக்கு அது பிரசாதம் இல்லை, கர்த்தரேதான். வாங்கிய இடத்திலேயே உட்கொள்ள வேண்டும். வெளியே கொண்டுபோகக் கூடாது.

பூசை முடிந்ததும் அத்தை அம்மாவின் கையைப் பிடித்து சாமியாரின் அறைக்கு அழைத்துப் போனார். அங்கே நடந்ததை அத்தையிடம் கேட்டு பிரபு எனக்குச் சொன்னான்.

"சாமி, தப்பு என்னுது. இட்டுக்கினு வந்தவ நான். நாந்தான் சொல்லிக் குடுக்கல."

சாமியார் அம்மாவைப் பார்த்து, "ஏம்மா சாப்பிடல?" என்று கேட்டார்.

"பொண்ணுக்குக் கல்யாணம் கூடி வருதுங்க. தனியா எப்பிடிங்க நா மட்டும் தின்றது?"

சாமியாரே முடிச்சை அவிழ்த்தார். அப்பத்தைத் தானே உட்கொண்டார். முந்தானை நுனியை ஒரு கிண்ணத் தண்ணீரில் அலசி, அந்தத் தண்ணீரைத் தோட்டத்து மண்ணில் ஊற்றினார். ஒரு துணுக்கும் காலில் மிதிபடக் கூடாது என்பது அவர்கள் வழக்கம்.

நேற்று, வெள்ளிக்கிழமை, அம்மா போனில் சொன்னது இது:

"நா கட்டினு இருந்த பொடவையக் கழுவுனாங்கடி. நா அவ்ளோ அசுத்தமா? அந்த எடத்துக்கு நா எதுக்குடி? ஒண்ணு கெடக்க ஒண்ணு பண்ணி உம் பேர கெடுத்துருவேன்."

நான் அரை மணி நேரம் விளக்கினேன். அசுத்தம் போகக் கழுவவில்லை அம்மா, அந்தப் புடவை நுனியே புனிதமாகிவிட்டது என்பதால் கழுவினார்கள் என்றேன். "சரி சரி" என்றாள். நம்பவில்லை. இத்தனை நாளாக நான் வீம்பு என்று நினைத்தது முழுக்கப் பயம். புது இடத்தில் எங்கே கை நீட்டுவது, எங்கே உட்காருவது என்ற பயம். அதைத் தெரிந்துகொள்ளாமல் பதினாறு இடம் சுற்றிப் பார்க்க அனுப்பிவைத்தேன். என் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. போனை வைத்துவிட்டு அழுதேன்.

6

பன்னிரண்டு மணிக்கு மேல் போட்டோ இல்லை. மூன்றே காலுக்கு ஒன்றே ஒன்று வந்தது. கடற்கரையில் இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரிடமோ போனைக் கொடுத்து எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். நடுவில் மல்லாட்டைத் தோல் ஒரு குவியல். பக்கத்தில் கிடக்கும் தாளில் பதினோராவது இடத்திலிருந்து டிக் இல்லை.

போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அம்மாவின் முந்தானை நுனி ஈரமாக இருந்தது, அது சாமியார் அலசியது, இடுப்பில் செருகியே வைத்திருந்ததால் காயவில்லை போலிருக்கிறது. அத்தையின் முந்தானை நுனியும் ஈரமாக இருந்தது.

எப்படி? எனக்கு இரண்டு விதமாக எழுத வருகிறது.

(அ) அலை தெறித்தது.

(ஆ) அம்மா தன் நுனியைப் பார்த்துப் பார்த்து ஒளித்துக்கொண்டே நடந்தாள். கடலுக்கு வந்ததும் அத்தை குனிந்து தன் முந்தானையையும் தண்ணீரில் முக்கி எடுத்தார். "இப்ப ரெண்டு பேரும் ஒண்ணு. உக்காருங்க, மல்லாட்ட எடுங்க" என்றார்.

எனக்கு (ஆ)தான் வேண்டும். ஆனால் சாட்சி கிடையாது. அத்தையிடமே கேட்டேன். "கடலுக்குப் போனா ஈரமாவாதா?" என்றார். அம்மாவிடம் கேட்டேன். "அந்தம்மா நல்லவங்கடி" என்றாள், அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. அந்த மூன்றே கால் மணி நேரத்தில் சாமியார் அறைக்குப் பிறகு நடந்ததை இருவரும் சேர்ந்து பூட்டி வைத்துக்கொண்டார்கள். எனக்கு அதில் பங்கு இல்லை. கொஞ்சம் பொறாமையாகக் கூட இருக்கிறது.

7

இன்று சனிக்கிழமை, சாயங்காலம் நாலு மணி. ரிசப்ஷனில் உட்கார்ந்து இதை எழுதும்போது அத்தை போன் செய்தார்.

"அருணா, உங்க அம்மா எந்த பஸ்ல வர்றாங்க?"

"வருவாங்களான்னே தெரியலங்க அத்தை."

"எந்த பஸ்ஸுன்னுதான் கேட்டேன்."

"காலையில அஞ்சரை பஸ்ஸ புடிச்சி, விழுப்புரத்துல மாறினா, ஏழே முக்காலுக்கு திண்டிவனம்."

"பூசை எட்டரைக்கு. நா ஏழு மணிக்கே ஸ்டாண்டுல வந்து நிக்கிறேன். அவங்க வராம நா உள்ள போவப் போறதில்ல."

"ஓலை வாசிக்கும்போது நீங்களும் இல்லன்னா எப்பிடிங்க?"

"எம் புள்ள பேரு எனக்குத் தெரியும். நாளைக்கு வரலன்னா அடுத்த ஞாயித்துக்கெழம நிக்கிறேன். அதுக்கு அடுத்த வாரமும் நிக்கிறேன். நீ போன வெய்யி, பேஜார் பண்ணாத."

கல்யாணம் பேச ஆரம்பித்த நாளிலிருந்து எனக்கு இப்படி ஒரு நிம்மதி வந்ததில்லை. அவரை நான் கட்டிப்பிடித்ததே இல்லை. பக்கத்தில் இருந்திருந்தால் பிடித்திருப்பேன்.

முடிவு எழுத வேண்டும். அம்மாவை அஞ்சரை பஸ்ஸில் ஏற்ற எனக்கு ஒரு வரி போதும். ஏற்றிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். ஏற்கெனவே ஒரு தாளை எழுதிக்கொடுத்து அவளை நடக்கவைத்தது போதும். வராத அம்மாவை எழுதவும் கை வரவில்லை.

நீங்கள் அவளுக்கு யாரோ. நீங்கள் கூப்பிட்டால் கூச்சம் இருக்காது. விருப்பம் இருந்தால் நீங்களே அவளை அந்த பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள். ஏற்றினால் ஜன்னலோரமாக உட்கார வையுங்கள். அம்மாவுக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது.