மூன்றாம் வார்டு தாழ்வாரத்தில் ஓவியக் கண்காட்சி

ஆஸ்பத்திரிப் பராமரிப்பு ஊழியர் ஸ்தோய்மென் சுவரில் காதை வைத்து, விரல் முட்டியால் தட்டினார். ஒரு சாண் தள்ளி மறுபடி தட்டினார். சுவருக்குள் எங்கேயோ ஆக்சிஜன் குழாய் ஓடுகிறது. பதினாலு வருஷத்துக்கு முன் அதைப் பதித்ததே அவர்தான். குழாய் போகும் வழியில் சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு இழுத்து வைத்திருந்தார். காகிதத்தில் வரைபடம் எதுவும் கிடையாது. அந்தக் கோடுதான் எல்லாம். போன கோடையில் வெள்ளையடிக்க வந்த புண்ணியவான்கள் அதன்மேல் மூன்று கை பூசிவிட்டுப் போய்விட்டார்கள்.

காலடியில், சுவரில் மாட்ட வேண்டிய ஆறு ஓவியங்கள் சாய்ந்திருந்தன. எல்லாம் சூரியகாந்தி வயல்கள், மடாலயங்கள். நோயாளிகளின் மனம் தேற வேண்டுமாம். பதினோரு மணிக்கு மாவட்ட ஆளுநர் வந்து நாடாவை வெட்டுவார். இப்போதே மணி ஒன்பதரை. கதவுக்கு அந்தப் பக்கம் ஆறு பேர் மூக்கில் குழாயோடு படுத்திருந்தார்கள்.

நிர்வாக அதிகாரி ராதோஸ்தினா செருப்புச் சத்தம் அதிர வந்தாள். வசந்தத்தை வரவேற்று மார்ச் மாதத்தில் கட்டிக்கொள்ளும் சிவப்பு வெள்ளை நூல் அவள் மணிக்கட்டில் புதிதாகத் தொங்கியது.

“என்ன, சுவத்துக்கு வைத்தியம் பாக்குறீங்களா? ஒரு ஆணிகூட ஏறலை.”

“உள்ள ஆக்சிஜன் லைன் போகுதும்மா. எங்கன்னு தெரியலை. டிரில் பட்டுச்சுன்னா ஆறு பேர் கதி என்னாகும்? லைனை மூடிட்டு ஒரு மணி நேரம் சிலிண்டர் வச்சா துளை போட்டுடலாம்.”

“சிலிண்டருக்கு எழுதிக் கேட்டா அடுத்த மாசம் வரும்.” அவள் குரலைத் தாழ்த்தினாள். “அண்ணே, உங்க ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. புதுசு என் மேஜையிலதான் கிடக்கு. நான் வேற ஒண்ணும் சொல்லலை.”

சொல்லாமல் சொல்லிவிட்டுப் போனாள். ஸ்தோய்மெனுக்குப் பென்ஷன் வர இன்னும் ஒன்றரை வருஷம். அறுபத்து மூன்று வயதுக்காரரை இந்த ஊரில் யார் வேலைக்கு எடுப்பார்கள்? டிரில்லின் முனையைச் சுவரில் வைத்தார். உள்ளே யாரோ விடாமல் இருமினார்கள். பொத்தானை அழுத்த விரல் வரவில்லை. அந்த இருமல் தன் கையால் நின்றுபோய்விடுமோ என்று பயந்து, டிரில்லைத் தரையில் வைத்தார்.

அப்போதுதான் திறந்த கதவு வழியே டிரிப்ஸ் ஸ்டாண்டுகள் கண்ணில் பட்டன. ஆளுயரம், மேலே கொக்கி, கீழே சக்கரம். ராதோஸ்தினாவிடம் ஓடினார்.

“ஸ்டாண்டுல மாட்டிடலாம்மா. சுவத்தையே தொட வேணாம். அரை மணி நேரத்துல விழா முடிஞ்சா திருப்பிக் கொடுத்துடலாம்.”

“இதைக் காலையிலேயே சொல்றதுக்கென்ன?” என்று அவள் முதல் தடவையாகச் சிரித்தாள்.

நர்ஸ் முணுமுணுத்தாள். ராதோஸ்தினா பக்கத்தில் வந்து நின்றதும் அதுவும் அடங்கியது.

ஆளுநர் முக்கால் மணி நேரம் தாமதமாக வந்தார். ஸ்டாண்டுகளில் தொங்கிய படங்களைப் பார்த்து, புதுமையாக இருக்கிறதே என்றார். ராதோஸ்தினா ஸ்தோய்மெனைப் பார்த்துத் தலையசைத்தாள். வேலை நிலைத்தது என்று அவருக்குப் புரிந்தது. மெல்ல வார்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

ஜன்னலோரத்துக் கட்டில்காரர்களின் டிரிப்ஸ் பாட்டில்கள் ஜன்னல் கைப்பிடியில் தொங்கின. நடுக்கட்டிலுக்கு ஜன்னல் இல்லை. நோயாளியின் மனைவி வெலிச்கா பாட்டிலைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து நின்றாள். கை மாற்றி மாற்றி இரண்டு தோளும் ஓய்ந்திருந்தன.

“அரை மணின்னாங்களே அண்ணே. எப்பக் குடுப்பாங்க?”

“இதோம்மா. குடு, நான் பிடிக்கிறேன்.” அவர் கை நீட்டினார்.

“ஸ்தோய்மென் அண்ணே,” தாழ்வாரத்திலிருந்து ராதோஸ்தினா கூப்பிட்டாள். “இந்தப் படம் சுத்திக்கிட்டே இருக்கு. போட்டோ எடுக்கணும், சீக்கிரம் வாங்க.”

நீட்டிய கையை இழுத்துக்கொண்டு அவர் போனார். சட்டத்தை இரண்டு கையாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு, போட்டோவில் தன் முகம் விழாதபடி பின்னால் குனிந்தார். அங்கிருந்து வார்டு நேராகத் தெரிந்தது. வெலிச்காவின் கை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. மெல்லிய குழாயில் அவள் கணவனின் ரத்தம் பாட்டிலை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

“அப்படியே பிடிங்க,” என்றான் போட்டோக்காரன். “இன்னும் ஒண்ணு எடுத்துக்கிறேன்.”