மெட்ராஸ் ஐ மருந்து

அழகுமலை யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. மெக்கானிக் புது பார்ட் மாட்டினேன் என்றால், கழற்றிய பழசைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான் ஜீப்பை எடுப்பான். செண்பகனூரிலிருந்து டூரிஸ்ட்டுகளை ஏற்றிக்கொண்டு மலையெல்லாம் சுற்றுகிறவனுக்கு இப்போது இடது கண் மங்கிக்கொண்டு வந்தது. ஸ்டியரிங்கை விட்டால் அவனுக்கு வேறு பிழைப்புத் தெரியாது. பயந்துபோய்த்தான் மனைவி சுசித்ராவோடு வத்தலக்குண்டு கண் ஆஸ்பத்திரிக்கு இறங்கி வந்தான்.

அங்கே கண்ணைச் சோதித்துவிட்டு டாக்டரம்மா முதலில் கேட்டது முதுகைப் பற்றி.

"காலைல எந்திரிக்கையில முதுகு வெறச்சுக் கெடக்குமா?"

"ஜீப் ஓட்டுற முதுகு வேற எப்படிங்க கெடக்கும்?"

"அது மூட்டு அழற்சி. அதே நோய்தான் கண்ணுக்குள்ளயும் புண்ணாக்குது. அடிக்கடி செவந்திருக்குமே? ஸ்டீராய்டு குடுத்தாத்தான் அடங்கும்."

முதுகு எங்கே, கண் எங்கே! நீள வைத்தியத்துக்கு இழுக்கப் பார்க்கிறார்கள் என்று அழகுமலைக்குச் சுருக்கென்றது. அதிலும் ஸ்டீராய்டாம். ஜிம்மே கதியென்று கிடந்த மச்சான் பொன்னுவேல் அதைப் போட்டுக்கொண்டு பட்ட பாட்டை அவன் கூடவே இருந்து பார்த்தவன்.

"அந்த வெசம் எனக்கு வேணாங்க. கண்ணு செவந்தா எங்கூரு மெடிக்கல்ல மெட்ராஸ் ஐ மருந்து வாங்கி விட்டுக்குவேன். மறுநாளே வெளுத்துரும். ரெண்டு வருசமா அதான்."

டாக்டரம்மாவின் முகம் மாறியது. "கையில இருக்கா?"

சட்டைப்பையிலிருந்து பெருமையாக எடுத்துக் கொடுத்தான். அவர் லேபிளைப் படித்தார்.

"இதுவும் ஸ்டீராய்டுதாங்க. அதான் ஒடனே கேட்டிருக்கு. கண்ணுல பிரஷர் ஏறுதான்னு நாங்க பாத்துப் பாத்துக் குடுக்கிற மருந்து இது. நீங்களா விட்டு, பிரஷர் ஏறி, கண் நரம்பையே அரிச்சிருச்சு."

கேட்கிற மருந்தைக் குற்றம் சொல்லித் தன் மருந்தைத் தலையில் கட்டுகிறார் என்றே அவன் நினைத்தான். இந்தச் சந்தேகத்தைக் கொஞ்சம் அந்த மெடிக்கல்காரனிடமும் காட்டியிருக்கலாம்.

"வலது கண்ணப் பொத்திக்கிட்டு என் மூக்கையே பாருங்க. பக்கத்துல எதாச்சும் தெரியுதா?"

பார்த்தான். மூக்கு தெரிந்தது. அதற்கு வலப்பக்கம் வெறும் மங்கல்.

"எதையாச்சும் காட்டிட்டுல்ல கேக்கணும்? ஒண்ணும் இல்லாத எடத்துல என்ன தெரியும்?" என்று சிரித்தான்.

"மாமா," என்றாள் சுசித்ரா. "நாந்தான் கைய நீட்டிக்கிட்டு இருக்கேன்."

பொத்திய கையை எடுத்தான். டாக்டரம்மாவின் முகத்துக்குப் பக்கத்திலேயே அவள் கை வளையலோடு நீண்டிருந்தது.